லத்தி யாருக்குப் பதில் சொல்லுகிறது?

(சென்ற வாரம் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் நமது பிரசாரகர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று என்னை "போலீசும் பொதுஜனங்களும்" என்பது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். தலைவர் இந்தத் தலைப்பைச் சொன்னவுடனே கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த இரண்டு போலீஸ்காரத் தோழர்கள் நாலடி முன்னே வந்து நிற்பதைப் பார்க்கிறேன். வரட்டும், நன்றாய்க் கேட்கட்டும். அவர்களைத் திட்டுவதற்காக நான் இங்கு வரவில்லை. வெயிலிலும் மழையிலும் கால்கடுக்க நிற்கும் ஏழைகளைத் திட்டுவதில் எனக்கு என்ன லாபம்? அவர்கள் கையில் இருக்கிற லத்தியைப் பற்றித்தான் என் பேச்சு.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கைக்குக் கிடைத்த புஸ்தகங்களையும் பத்திரிகைகளையும் படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதை என் புத்திக்கு எட்டியபடி சொல்லுகிறேன். நான் சொல்லுவதாலேயே நீங்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் என் சொந்தக் கதை ஒன்று. என் சிறு வயதில் எங்கள் ஊரில் தேர் இழுப்பதைப்பற்றி இரண்டு தெருக்காரர்களுக்குள் சண்டை வந்தது. கல்லெறிந்தது இரண்டு பேரும்தான். மண்டை உடைந்ததும் இரண்டு பக்கத்திலும்தான். பொய் சொல்லமாட்டேன், முதல் கல் எங்கள் தெருவிலிருந்து போனதாக என் தகப்பனாரே சொல்லுவார். இரவு போலீஸ் வந்தது. வந்த வண்டி எங்கள் தெருவுக்குள் மாத்திரந்தான் நுழைந்தது. கதவுகளை உதைத்து, தூங்கினவர்களை எழுப்பி, ஆண்பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய சப்-இன்ஸ்பெக்டர் எதிர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் அவருக்கு உறவுமுறை. என் தகப்பனார் மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அவர் வலதுகை விரல்களில் இரண்டு அதற்குப் பிறகு சாகிற வரையில் மடங்கவேயில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் எல்லாரையும் போல, "நம்மவன் ஒருவன் அந்த நாற்காலியில் இருந்திருந்தால்!" என்று சொல்லிக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பேன். பத்துப் பன்னிரண்டு வருஷங்கழித்து அதே ஸ்டேஷனுக்கு நம்மவர் ஒருவரே இன்ஸ்பெக்டராய் வந்துவிட்டார். எங்கள் தெருவே திரண்டு போய் மாலை போட்டது. நானும் போட்டேன். மூன்றாவது மாதம் ஒரு சைக்கிள் திருட்டுக்காக எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய் அதே அறையில் அதே மாதிரி அடித்தார்கள். கேட்கப்போன எங்களைப் பார்த்து அந்த இன்ஸ்பெக்டர், "என்னை வைத்துத் தப்பித்துக்கொள்ளலாமென்று பார்க்கிறீர்களா?" என்றார். நாங்கள் போட்ட மாலை அவர் அறைச் சுவரில் ஆணியில் காய்ந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

தோழர்களே! லத்தியைப் பிடித்தவன் எந்தத் தெருக்காரன் என்பது ஒரு கேள்வி. அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியை நாம் மேடைக்கு மேடை கேட்கிறோம், கேட்கவும் வேண்டியதுதான். இரண்டாவதை நாம் கேட்பதேயில்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்ட ஒரு தேசம் இருக்கிறது. அதைப்பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அதுதான் வட அயர்லாந்து.

"நம் ஊர்ச் சங்கதியை விட்டுவிட்டு ஏன் சீமைக்குப் போகிறாய்?" என்று கேட்பீர்கள். நம் ஊர்ச் சங்கதியைச் சொன்னால், நீங்கள் நான் சொல்லும் விஷயத்தைக் கவனிக்கமாட்டீர்கள். இவன் எந்த ஜாதிக்காகப் பேசுகிறான் என்பதைத்தான் கவனிப்பீர்கள். பிறத்தியார் வீட்டுச் சண்டையில் நியாயம் எந்தப் பக்கம் என்பது எவனுக்கும் சுலபத்தில் விளங்கிவிடும். மேலும், நம்மை அடிக்கும் லத்திக்குத் தாய்வீடே அயர்லாந்துதான். அதை முன்னே சொல்லிவிடுகிறேன்.

ராபர்ட் பீல் என்று ஒரு வெள்ளைக்கார மந்திரி. 1829-ல் லண்டன் பட்டணத்துக்குப் போலீஸ் ஏற்படுத்தினார். அந்தப் போலீஸ்காரனுக்குத் துப்பாக்கி கிடையாது, ஒரு குறுந்தடிதான். ஏனென்றால் லண்டன்காரன் பட்டாளம் மாதிரியான போலீசைச் சகிக்கமாட்டான். இதே பீல் அதற்கு முன் அயர்லாந்தில் உத்தியோகம் பார்த்தபோது அங்கேயும் 1814-ல் ஒரு காவற்படையை ஏற்படுத்தினார். அது ஆயுதந்தரித்த படை. அதன் வழியில் பிறகு வந்த ஐரிஷ் கான்ஸ்டபுலரி துப்பாக்கி பிடித்தது, பாரக்கில் குடியிருந்தது, சொந்த ஜில்லாக்காரனைச் சொந்த ஜில்லாவில் போடாதது. ஒரே ராஜா, ஒரே மந்திரி. சொந்த ஜனத்துக்கு ஒரு போலீஸ், பிடித்து வைத்த ஜனத்துக்கு ஒரு போலீஸ்!

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், அந்த ஐரிஷ் போலீசில் சாதாரணக் கான்ஸ்டபிள்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் குடியானவர்களுடைய பிள்ளைகள். அடிபட்டவர்களும் கத்தோலிக்கக் குடியானவர்கள்தான். ஜமீன்தார் குத்தகை பாக்கிக்காகக் குடியானவனை வீட்டைவிட்டு வெளியே தள்ளும்போது, பக்கத்தில் துப்பாக்கியோடு காவல் நின்றவன் இன்னொரு குடியானவனுடைய மகன். மேல் உத்தியோகங்களில் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். உத்தரவு டப்ளின் கோட்டையிலிருந்து வரும். சம்பளமும் அங்கேயிருந்து வரும். பதில் சொல்ல வேண்டியதும் அந்தக் கோட்டைக்கே ஒழிய ஊருக்கு அல்ல. எங்கள் இன்ஸ்பெக்டர் அறையில் தொங்கிய மாலைக்கு அர்த்தம் இந்தச் சங்கதியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

1843-ல் சிந்து தேசத்தைப் பிடித்த நேப்பியர் என்ற தளபதி அங்கே போலீஸ் ஏற்படுத்தியபோது இந்த ஐரிஷ் போலீசையே மாதிரியாக வைத்துக்கொண்டார். நம் சென்னை மாகாணத்திலோ, வரி வசூலுக்காகக் குடியானவர்களைக் கிட்டி போட்டு நெரித்த அக்கிரமங்களை, சர்க்கார் நியமித்த கமிஷனே விசாரித்து 1855-ல் எழுதி வைத்தது. அப்புறம் 1859-ல் சென்னைக்கும், 1861-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் மற்றப் பாகங்களுக்கும் புதுப் போலீஸ் சட்டங்கள் வந்தன. அந்தச் சட்டங்களிலும் ஐரிஷ் வாடை உண்டு. கிட்டிக்குப் பரிகாரம் தேடினவர்கள் லண்டன் தடியைக் கொண்டுவரவில்லை, அயர்லாந்துத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, வட அயர்லாந்துக்கு வருவோம். 1921-ல் அயர்லாந்தைப் பிரித்து, வடக்கே ஆறு ஜில்லாக்களைத் தனி ஆட்சியாக்கினார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் புராட்டஸ்டண்டுகள், ஒரு பங்கு கத்தோலிக்கர்கள். இரண்டு பேருக்கும் ஒரே கடவுள், ஒரே ஏசு, ஏறக்குறைய ஒரே வேதப் புஸ்தகம். ஆனாலும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டார்கள். 1969 முதல் 1998 வரையிலுள்ள முப்பது வருஷத்தில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். "பார்த்தாயா மதத்தின் யோக்கியதையை!" என்று நம் தோழர்கள் உடனே கைதட்டுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் பூசையைப் பற்றியா சண்டை போட்டார்கள்? வீடு, வேலை, ஓட்டு, எந்தக் கொடி பறப்பது என்பதற்காகப் போட்டார்கள். மதம் அங்கே நெற்றியில் ஒட்டின சீட்டு. உன் பெயர் என்ன, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டால் போதும், நீ யார் என்று தெரிந்துவிடும். நம் ஊரில் "எந்தத் தெரு?" என்று கேட்கிறோமே, அது மாதிரி. ஒரே பட்டணத்துக்கு இரண்டு பெயர். கத்தோலிக்கன் டெர்ரி என்பான், புராட்டஸ்டண்டு லண்டன்டெர்ரி என்பான். ஒரு நாஸ்திகன் அங்கே போய், "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை" என்றானாம். "அது சரி, நீ கத்தோலிக்க நாஸ்திகனா, புராட்டஸ்டண்டு நாஸ்திகனா?" என்று கேட்டார்களாம். அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கிற கதை இது. நமக்கும் கொஞ்சம் பொருந்தும்.

1921 முதல் 1972 வரையில் ஒரே கட்சி ஆட்சி. அந்தக் கட்சி புராட்டஸ்டண்டுகளுடைய கட்சி. 1922-ல் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி என்னும் போலீசை ஏற்படுத்தும்போது மூன்றில் ஒரு பங்கு இடம் கத்தோலிக்கர்களுக்கு என்று பேச்சு. அந்தப் பேச்சு பேச்சாகவே போயிற்று. ஆரம்ப காலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இருந்தார்கள். 1960-களின் கடைசியில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 1990-களின் கடைசியில் நூற்றுக்கு 8 பேர் அளவுதான். அப்போது ஜனத்தொகையிலோ கத்தோலிக்கர்கள் நூற்றுக்கு 40-க்கு மேல்! இதோடு "பி ஸ்பெஷல்" என்று ஒரு பகுதிநேரப் படை வேறே. அதில் ஏறக்குறைய எல்லோருமே புராட்டஸ்டண்டுகள். பக்கத்து வீட்டுக்காரன் பகலில் கடை வைத்திருப்பான்; ராத்திரி துப்பாக்கியோடு வந்து உன்னை நிறுத்தி, தினமும் பார்க்கிற உன்னையே பெயர் கேட்பான். விசாரணையில்லாமல் அடைத்து வைக்க 1922-ஆம் வருஷத்து விசேஷ அதிகாரச் சட்டமும் கையில் இருந்தது.

இதில் நியாயமாய் ஒன்று சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கர்கள் போலீசில் சேராததற்கு அடைத்த கதவு மாத்திரம் காரணமல்ல. சேர்ந்தவனைத் துரோகியென்று சொந்தத் தெருவே ஒதுக்கியது. ஐ.ஆர்.ஏ. என்னும் ஆயுதக்கூட்டம் போலீஸ்காரர்களைக் குறிபார்த்துச் சுட்டது. கத்தோலிக்கப் போலீஸ்காரன் தாயாரைப் பார்க்கச் சொந்த ஊருக்குப் போவதுகூட உயிருக்கு ஆபத்து. முப்பது வருஷக் கலகத்தில் சுமார் 300 போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு. இதை மறைத்துவிட்டு மற்றதை மாத்திரம் சொன்னால் நானும் திண்ணையில் காப்பி சாப்பிட்ட சப்-இன்ஸ்பெக்டர்தான்.

1968 அக்டோபர் 5-ந் தேதி டெர்ரியில் ஒரு ஊர்வலம். என்ன கேட்டார்கள்? தனிநாடு கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு ஓட்டு, வீடு ஒதுக்குவதில் நியாயம், வேலையில் நியாயம், அவ்வளவுதான். அந்தப் பட்டணத்தில் கத்தோலிக்கர்களே மெஜாரிட்டி. ஆனால் வட்டங்களைப் பிரித்திருந்த தந்திரத்தினால் முனிசிபாலிட்டி மற்றவர்கள் கையில். ஊர்வலத்துக்குத் தடையுத்தரவு போட்டார்கள். மீறி வந்தவர்களைப் போலீஸ் முன்னும் பின்னும் அடைத்துக்கொண்டு தடியால் அடித்தது. பார்லிமெண்டு மெம்பர் ஜெரி பிட் என்பவருடைய மண்டையே உடைந்தது. இதற்கு முன்னும் எத்தனையோ தடவை அடித்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு டெலிவிஷன் படக்காரர் அங்கே நின்று படம் பிடித்துவிட்டார். அதுவரையில் "அப்படியொன்றும் நடக்கவில்லை" என்று சொல்லிவந்தவர்கள் அன்றைக்கு மாத்திரம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் டெர்ரியிலும் பெல்பாஸ்டிலும் கலகம் மூண்டது. பெல்பாஸ்டில் போலீஸ் கவச வண்டிகளில் பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டு வந்தது. ஜனங்கள் குடும்பத்தோடு குடியிருக்கும் தெரு அது. சுவரைத் துளைத்துக்கொண்டு போன குண்டு, வீட்டுக்குள் இருந்த 9 வயதுப் பையன் ஒருவனைக் கொன்றது. அந்த இயந்திரத் துப்பாக்கிப் பிரயோகத்துக்கு நியாயமில்லையென்று ஸ்கார்மன் என்ற ஜட்ஜ் பிறகு 1972-ல் எழுதினார். நான் கேட்கிறேன்: புராட்டஸ்டண்டுகள் குடியிருந்த தெருவாயிருந்தால் அந்த வண்டி அங்கே போயிருக்குமா? அதிலிருந்த போலீஸ்காரன் ராட்சஸனா? அல்ல. அந்தச் சுவருக்கு அப்பால் தன் அக்காள் பிள்ளை தூங்குகிறான் என்ற நினைப்பு அவனுக்கு வர வழியில்லை. வழியில்லாதபடி அந்தப் படையைக் கட்டியிருந்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நீண்ட கதை. பி ஸ்பெஷலை 1970-ல் கலைத்தார்கள். பட்டாளம் வந்தது. ரப்பர் குண்டு, பிளாஸ்டிக் குண்டு என்று "உயிருக்கு ஆபத்தில்லாத" குண்டுகளைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆபத்தில்லாத குண்டுகளினால் 17 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். 1972 ஜனவரி 30-ந் தேதி டெர்ரியில் ஊர்வலத்தின்மேல் சிப்பாய்கள் சுட்டதில் 13 பேர் அன்றைக்கே விழுந்தார்கள். காயம்பட்ட இன்னொருவர் பிறகு செத்தார். இது போலீஸ் செய்ததல்ல, பட்டாளம் செய்தது. ஆனாலும் விசாரணை நடந்த விதத்துக்காகச் சொல்லுகிறேன். சில வாரத்திலேயே பிரிட்டனின் பெரிய ஜட்ஜ் ஒருவர் விசாரித்து, சிப்பாய்கள்மேல் பெரிய குற்றமில்லையென்று எழுதிவிட்டார். செத்தவர்களுடைய குடும்பத்தார் விடவில்லை. இரண்டாவது விசாரணை 1998-ல் நியமிக்கப்பட்டு 2010-ல் முடிந்தது. சுடப்பட்டவர்கள்மேல் குற்றமில்லை, சுட்டதற்கு நியாயமில்லை என்று அது சொல்லிற்று. பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். 38 வருஷம்! முதலில் விசாரித்தவர் வேறு ஆளாயிருந்திருந்தால் அந்தத் தாய்மார்களில் சிலராவது இதைக் கேட்டுவிட்டுச் செத்திருப்பார்கள்.

1998 ஏப்ரலில் சமாதான ஒப்பந்தம் ஆயிற்று. அந்த ஒப்பந்தத்திலேயே போலீசை என்ன செய்வது என்பதற்கு ஒரு கமிஷன் போடுவதாக எழுதினார்கள். அதற்குத் தலைவர் கிறிஸ் பேட்டன், ஹாங்காங்குக்குக் கடைசி வெள்ளைக்காரக் கவர்னராயிருந்தவர். கமிஷன் ஊர் ஊராய்ப் போய்ப் பொதுக்கூட்டம் போட்டு, அடிபட்டவனையும் கேட்டது, போலீஸ்காரன் விதவையையும் கேட்டது. 1999 செப்டம்பரில் 175 சிபார்சுகளை எழுதிக் கொடுத்தது.

முதல் வேலை, யார் கையில் லத்தி என்பது. 2001 முதல் புதிதாய் எடுக்கிற போலீஸ்காரர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர்கள், பாதிப்பேர் மற்றவர்கள் என்று சட்டமே செய்தார்கள். வயதான உத்தியோகஸ்தர்களுக்குக் கைநிறையப் பணங்கொடுத்து மரியாதையாய் அனுப்பி, இடத்தைக் காலி செய்தார்கள். உடனே எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல், "தகுதி போச்சு! திறமை போச்சு!" என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. 1928-ல் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்து வகுப்புவாரி உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தபோது நம் சென்னையில் எழுந்த கூச்சலை அப்படியே இங்கிலீஷில் போட்டது மாதிரி இருந்தது. ஆனால் அவர்கள் செய்த ஏற்பாடு என்ன? விண்ணப்பம் போட்ட எல்லோருக்கும் ஒரே பரீட்சை. தேறாதவன் எந்த மதத்தானாயிருந்தாலும் வெளியே. தேறினவர்களை ஒரு பட்டியலில் போட்டு, அந்தப் பட்டியலிலிருந்து பாதிக்குப் பாதி எடுத்தார்கள். தகுதி எங்கே போயிற்று? ஒரு புராட்டஸ்டண்டு வாலிபர் கோர்ட்டுக்குப் போனார், கோர்ட்டில் ஜெயிக்கவில்லை. ஐரோப்பிய யூனியன் 2000-ஆம் வருஷத்தில் உத்தியோகத்தில் மத வித்தியாசம் கூடாதென்று கட்டளை செய்தபோதுகூட, வட அயர்லாந்துப் போலீசுக்கு மாத்திரம் விதிவிலக்கு எழுதி வைத்தது. ஏன்? ஏற்கெனவே கோணலாயிருக்கிற தராசில் சமமாய் எடை போடுகிறேன் என்பது கோணலுக்குத்தான் ஒத்தாசை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. நம் சென்னை உத்தரவு 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் தள்ளுபடியானபோது நமக்கு அப்படி ஒரு விதிவிலக்கு எழுத ஆளில்லை. அரசியல் சட்டத்தையே அந்த வருஷம் திருத்த வேண்டி வந்தது. பத்து வருஷத்தில், 2011-க்குள், நூற்றுக்கு 8 என்பது ஏறக்குறைய 30 ஆயிற்று.

இதோடு பெயரையும் மாற்றினார்கள். "ராயல் அல்ஸ்டர்" என்பது போய், 2001 நவம்பரில் "வட அயர்லாந்துப் போலீஸ் சேவை" ஆயிற்று. தொப்பியிலிருந்த சின்னத்தையும் மாற்றி, ராஜாவின் கிரீடத்தோடு யாழும், மூவிலைச் செடியும், தராசும், தீப்பந்தமும், ஆலிவ் கிளையும் சேர்த்தார்கள். செத்துப்போன போலீஸ்காரர்களுடைய வீட்டார் இதற்கு மிகவும் மனம் நொந்தார்கள். "எங்கள் பிள்ளை எந்தப் பெயருக்காகச் செத்தானோ அதை அழிக்கிறீர்களே" என்றார்கள். அவர்களை நான் பரிகாசம் பண்ணமாட்டேன். ஆனால் ஒரு ஜாதியாருடைய சின்னத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இன்னொரு ஜாதியார் தெருவுக்குள் வந்து "நான் பொதுவானவன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம் ஸ்டேஷன்களில் ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுத் துப்பாக்கியைக் கும்பிடுகிறார்களே, அதைப் பார்க்கிற ஒரு முஸ்லிமோ, கிறிஸ்தவனோ, என்னைப் போன்ற நாஸ்திகனோ என்ன நினைப்பான் என்று எந்த அதிகாரியாவது யோசித்ததுண்டா? அங்கே புதிதாய்ச் சேருகிறவன் எடுக்கும் பிரமாணத்திலேயே, மனித உரிமைகளைக் காப்பேன், எல்லா மனிதரையும் அவரவர் நம்பிக்கைகளையும் சமமாய் மதிப்பேன் என்று வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது வேலைதான் எனக்கு முக்கியமாய்ப் படுகிறது. போலீசுக்கு மேலே 19 பேர் கொண்ட ஒரு போர்டு. அதில் 10 பேர் எல்லாக் கட்சிகளிலிருந்தும் வந்த சட்டசபை மெம்பர்கள், 9 பேர் வெளியார். போலீஸ் தலைவர் அவர்களுக்கு முன் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இதற்கு முன்பே 2000 நவம்பரில் ஆம்புட்ஸ்மன் என்று ஒரு உத்தியோகம் ஏற்படுத்தி, நூலா ஓலோன் என்ற அம்மையாரை அதில் வைத்தார்கள். போலீஸ்மேல் வருகிற புகாரைப் போலீசே விசாரிப்பது என்பது அன்றோடு ஒழிந்தது. அந்த அம்மாளுக்குச் சொந்த விசாரணை ஆட்கள். தஸ்தாவேஜைப் பிடுங்கவும், கைது செய்யவும் அவர்களுக்கு அதிகாரம். போலீஸ் கையில் ஒருவன் செத்தால், போலீஸ் துப்பாக்கி சுட்டால், பிளாஸ்டிக் குண்டு பிரயோகித்தால், யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் சங்கதி அங்கே போயாக வேண்டும். 2007 ஜனவரியில் அந்த அம்மாள் வெளியிட்ட அறிக்கை புராட்டஸ்டண்டு ஆயுதக்கூட்டத்தைப் பற்றியது. கொலைகளில் சம்பந்தப்பட்ட ஆட்களையே ஒற்றர்களாய் வைத்துக்கொண்டு, பழைய போலீசின் ரகசிய இலாகா அவர்களைக் காப்பாற்றி வந்தது என்று எழுதினார். அந்த விஷயத்தைத் தோண்டும்படி முதலில் கேட்டது யார் தெரியுமா? மகனைப் பறிகொடுத்த ஒரு புராட்டஸ்டண்டுத் தகப்பனார். பதில் சொல்லாத லத்தி இன்றைக்கு எதிர்த்தெருவை அடிக்கும். நாளைக்கு வைத்திருக்கிறவன் தெருவையே அடிக்கும் என்பதற்கு எங்கள் சைக்கிள் பையன் ஒருவன் மாத்திரம் சாட்சியல்ல.

நம்முடைய யோக்கியதையையும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஒவ்வொரு மாகாணத்திலும் ஒவ்வொரு ஜில்லாவிலும் போலீஸ்மேல் வரும் புகாரை விசாரிக்கத் தனி ஸ்தாபனம் வேண்டும், ஓய்வு பெற்ற ஜட்ஜ் தலைமை வகிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் 2013-ல் சட்டம் செய்தார்கள். தலைவர் யார்? ஜட்ஜ் அல்ல, போலீஸ் இலாகாவை நடத்துகிற ஹோம் செக்ரட்டரி! கூட உட்காருகிறவர் போலீஸ் டைரக்டர் ஜெனரல். மாமியார் குற்றத்தை விசாரிக்க மாமனாரை வைத்த கதை. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் ஒரு தகப்பனும் மகனும் அடிக்கப்பட்டு, சிறைக் காவலில் இருக்கும்போது செத்துப்போனார்கள். விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட்டுக்கே அந்த ஸ்டேஷனில் மரியாதை கிடைக்கவில்லை. கடைசியில் ஹைகோர்ட்டு மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே ரெவினியூ இலாகா பொறுப்பில் வைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. செத்தவர்கள் எந்த ஜாதி, அடித்தவர்கள் எந்த ஜாதி என்று அப்போது சிலர் கணக்குப் பார்த்தார்கள். அந்த அறையில் நடப்பதை வெளியேயிருந்து வந்து பார்க்க ஒருவனுக்கும் அதிகாரமில்லையே என்று கணக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வட அயர்லாந்து சுவர்க்கமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சுவர்க்கத்தில் எனக்கு நம்பிக்கையுமில்லை. பாதிக்குப் பாதி ஏற்பாட்டை 2011 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கத்தோலிக்கர்களுடைய பங்கு மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்திலேயே நின்றுபோயிற்று. 2021 ஜனக்கணக்கிலோ கத்தோலிக்கப் பிறப்புள்ளவர்கள் நூற்றுக்கு 45.7 பேர், புராட்டஸ்டண்டுப் பிறப்புள்ளவர்கள் 43.5 பேர். தள்ளுகிற கையை எடுத்தவுடன் வண்டி நின்றுவிட்டது. சமாதானத்தை ஒப்புக்கொள்ளாத சிறு ஆயுதக்கூட்டங்களும் ஒழியவில்லை.

அப்படிப்பட்ட ஒரு கூட்டந்தான் 2011 ஏப்ரல் 2-ந் தேதி ஓமா என்ற ஊரில் ஒரு கான்ஸ்டபிளின் மோட்டாருக்கு அடியில் வெடிகுண்டு வைத்துக் கொன்றது. வயது 25. கத்தோலிக்கன். புதுப் போலீசில் சேர்ந்த வாலிபன். கத்தோலிக்கப் பிள்ளைகள் பயந்துகொண்டு போலீசுக்கு வராமல் போகவேண்டும் என்பதுதான் குண்டு வைத்தவர்களுடைய எண்ணம். அயர்லாந்தில் கேலிக் விளையாட்டுச் சங்கம் என்று ஒன்று உண்டு. கத்தோலிக்கக் கிராமங்களுக்கெல்லாம் அதுதான் உயிர். போலீஸ்காரன் எவனும் அதில் மெம்பராகக் கூடாது என்று வெகுகாலமாய் விதி வைத்திருந்தார்கள். 2001-ல்தான் அந்த விதியை எடுத்தார்கள். செத்த வாலிபன் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவன். சவ ஊர்வலத்தில் விளையாட்டுச் சங்கத்தார் கொஞ்ச தூரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு தெருவில் நின்று, அந்தப் பெட்டியைப் போலீஸ்காரர்கள் தோளுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டு கூட்டமும் ஒரு மைதானத்தில் சேர்ந்து நிற்கமாட்டாது.

தலைவர் கடியாரத்தைப் பார்க்கிறார். சந்தேகம் கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். அந்த ஓரத்தில் நிற்கும் போலீஸ்காரத் தோழர்களும் அனுப்பலாம். பெயர் எழுத வேண்டியதில்லை.